காசு வரும் மாதமும் மழை வரும் மாதமும்: திருகோணமலை ஒழுங்கை ஒன்றின் பழுதுபார்ப்பு

திருகோணமலை நகரில் மட்டிக்களிக் களப்புப் பக்கமாகச் சாய்ந்து இறங்கும் ஒழுங்கைகள் பல. அவற்றில் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நீளம் முந்நூறு மீற்றருக்குச் சற்றுக் கூட, அகலம் மூன்று மீற்றர். மேல் முனை பஸ் ஓடும் வீதியில் ஏறுகிறது, கீழ் முனை தாழ்ந்த நிலத்தில் முடிகிறது. 2018 டிசம்பரில் இதற்குத் தார் போட்டார்கள். 2019 டிசம்பரில் கீழ்ப்பாதியில் தாரே இல்லை. 2024 நடுப்பகுதியில் மறுபடி வேலை நடந்தது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலின் மழைக்குப் பிறகும் அது நிற்கிறது. அதே மண், அதே அகலம், அதே வாகனங்கள். இரண்டாம் தடவை என்ன மாறியது என்பது நம் ஊரில் வீதிக்காக மனுக் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் பயன்படும் என்று நம்புவதால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

முதல் தடவை

எங்கள் மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஒக்டோபரில் பிடித்தால் ஜனவரி வரை விடாது. நவம்பரும் டிசம்பரும் உச்சம். வருடத்துக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பங்கு இந்த நாலு மாதத்துக்குள். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடித்துத் தரை வெடித்துக் கிடக்கும். தார் வேலைக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் 2018இல் லொறி கல்லைக் கொண்டுவந்து கொட்டியது டிசம்பர் நடுவில்.

கல் பரப்பி, ரோலர் ஓட்டி, அதன்மேல் சூடான தாரைத் தெளித்து, சிப்ஸ் என்னும் சின்னக் கல்லைத் தூவி மறுபடி உருட்டுவது வழக்கமான முறை. தார் கல்லோடு ஒட்ட வேண்டுமானால் கல் காய்ந்திருக்க வேண்டும், தூசி இருக்கக் கூடாது. அன்றைக்குக் காலையில் தூறல், மத்தியானம் வெயில், பின்னேரம் மறுபடி தூறல். ஈரக் கல்லின்மேல் விழுந்த தார் ஒட்டாமல் தோலாக உரிந்து வந்தது. அயலவர் ஒருவர் போய்க் கேட்டதற்கு வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றவர் சொன்ன பதில் இது: “ஐயா, முப்பத்தோராம் திகதிக்குள்ள பில் போகோணும். இல்லையெண்டா காசு திரும்பிப் போயிடும். பிறகு உங்களுக்கு ரோட்டும் இல்லை, எனக்குக் காசும் இல்லை.”

அவர் பொய் சொல்லவில்லை. அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. வருடத் தொடக்கத்தில் ஒதுக்கீடு அறிவிக்கப்படும். பிறகு எந்த வீதி என்று முடிவாக வேண்டும், மதிப்பீடு தயாராக வேண்டும், மேலிடத்து ஒப்புதல் வர வேண்டும், கேள்விப்பத்திரம் கோரி ஆளைத் தெரிய வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று இழுக்க, கச்சான் காலம் முழுவதும் கடதாசியிலேயே போய்விடும். வேலை உத்தரவு கையில் கிடைக்கும்போது வானம் கறுத்திருக்கும். செலவழிக்காத பணம் ஆண்டு முடிவில் திரும்பிப் போகும் என்பதால் மழையென்று நிறுத்தவும் முடியாது. நாட்டின் மற்றப் பக்கங்களில் டிசம்பர் அவசரத்துக்குக் கொஞ்சம் காய்ந்த நாளாவது கிடைக்கலாம். கிழக்குக் கரைக்கு இந்த நாட்காட்டி நேர் எதிர். நம் உள்வீதிகள் சீக்கிரம் போவதற்குத் தாரையும் கல்லையும் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து.

இரண்டாவது குறை மதிப்பீட்டிலேயே இருந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பொது நிறுவனத்திடமும் மதிப்பீட்டையும் அளவைப் பட்டியலையும் கேட்டு வாங்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். அப்படி வாங்கிய பட்டியலில் கல் இருந்தது, தார் இருந்தது, சிப்ஸ் இருந்தது, பெயர்ப்பலகைகூட இருந்தது. வடிகான் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. களப்புக்குச் சாயும் ஒழுங்கைக்குத் தண்ணீர் போகும் வழி இல்லாமல் ஒரு திட்டம். அது ஒரு மாரியைத் தாண்டாமல் போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

தண்ணீர் செய்யும் வேலை

வீதி உடைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் காரணம் தெரியும். முதலில் தாரில் ஒரு மயிர் விரிசல். அதற்குள் நீர் இறங்கி அடியில் இருக்கும் கிறவலை நனைக்கிறது. மேலே ஒரு சில்லு ஏறும்போது அந்த நீருக்குப் போக இடமில்லை. கல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் பீறிட்டு நுண்மண்ணைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. மழை விட்ட பிறகு விரிசலைச் சுற்றி வெள்ளையாகவோ செம்மண் நிறமாகவோ சேறு படிந்திருந்தால், அடித்தளம் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த மழைக்கு அது கைப்பிடி அளவு குழி. அதற்கு அடுத்த மழைக்கு மோட்டார் சைக்கிள் விழும் குழி.

பாரம் இதைப் பல மடங்காக்குகிறது. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் வீதிகளை வேண்டுமென்றே வாகனம் ஓட்டி உடைத்துப் பார்த்த பெரிய சோதனையில் தெரியவந்தது, அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகும் என்பது. எங்கள் ஒழுங்கையில் நாள் முழுக்க ஓடும் ஓட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் செய்யாத சேதத்தை வீடு கட்டுபவருக்கு மணல் ஏற்றி வரும் ஒரு ரிப்பர் ஒரே நடையில் செய்துவிடும். அதுவும் மண் நனைந்திருக்கும் மாதத்தில் வந்தால் கேட்கவே வேண்டாம்.

யாருடைய வீதி, யாருடைய காசு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. திருகோணமலைக்கு வரும் ஏ6, ஏ12, ஏ15 எல்லாம் அதற்குள் அடங்கும். சி, டி தர வீதிகள் மாகாணத்துடையவை. மிச்சமுள்ள குறுக்கு வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. ஒரே சந்தியில் மூன்று சொந்தக்காரர் நிற்பது சாதாரணம். எங்கள் ஒழுங்கை சபையுடையது; அது ஏறும் வீதியும் அந்த வீதிக்குக் கீழே ஓடும் மதகும் வேறொரு நிறுவனத்துடையவை. இது பின்னால் முக்கியமாகும்.

சபையின் சொந்த வருமானம் ஆதனவரி, கடை வாடகை, வியாபார உரிமக் கட்டணம், மாகாணம் வழியாக வரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப் பணம் போன்றவை. வெளியிலிருந்து வருவது மாகாணக் குறித்தொதுக்கப்பட்ட நன்கொடை, பிரமாண அடிப்படையிலான நன்கொடை, பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி. இடையிடையே பெரிய திட்டங்கள் வரும். உலக வங்கி உதவியோடு 2010இல் தொடங்கிய நெல்சிப் என்ற உள்ளூராட்சிச் சேவை மேம்பாட்டுத் திட்டம் வடக்கு கிழக்குச் சபைகளின் வீதி, வடிகான் வேலைகளுக்குப் பணம் கொடுத்தது. ஆனால் எந்தப் பெரிய திட்டமும் புதிதாகச் செய்யத்தான் காசு தரும். செய்ததைப் பத்து வருடம் பராமரிக்கும் செலவு சபையின் தலையில்தான் விழும். திறப்பு விழாவுக்கு நாடா வெட்டலாம், வடிகான் துப்புரவுக்கு யார் நாடா வெட்டுவார்கள்? அதனால்தான் பராமரிப்புக்கென்று தனியாக ஒரு தொகையைச் சொந்த வருமானத்தில் ஒதுக்கிவைப்பது அவசியம். அந்தத் தொகைக்கு ஆதனவரியைத் தவிர நம்பகமான ஊற்று வேறில்லை. வருட வரியை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு. கழிவு கட்டுபவருக்கு, சபைக்குக் கிடைப்பது அதைவிடப் பெரியது, கச்சான் தொடங்குமுன்னே கையில் காசு.

இடையில் ஐந்து வருடம்

கீழ்ப்பாதி போன பிறகு உடனே ஒன்றும் நடக்கவில்லை. 2020இல் கொரோனா. 2022இல் நாடே விழுந்தது; ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் திருப்பிக் கொடுப்பதை அரசு நிறுத்தியது, டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதை எட்டியது. தார் பெரும்பாலும் இறக்குமதி. ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த சீமெந்துப் பை மூவாயிரத்தை நெருங்கியது. பழைய விலைக்கு ஒப்பந்தம் எடுத்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டுப் போனார்கள். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. கிழக்கு மாகாண சபையோ 2017 செப்டெம்பரிலேயே கலைந்து ஆளுநரின் கீழ் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேல், போய் முறையிட ஒரு வட்டார உறுப்பினர்கூடக் கிடையாது, செயலாளரும் உத்தியோகத்தர்களும்தான்.

இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் இருந்தது. யாருடைய வட்டாரம், யாருடைய ஆட்கள் என்ற பேச்சில்லாமல் வீதியின் நிலையைப் பார்த்து முடிவெடுக்க உத்தியோகத்தர்களுக்கு இடம் கிடைத்தது. அதற்காக மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலிருப்பது நல்லது என்று சொல்லமாட்டேன். வாக்குரிமையை நிறுத்திவைத்து வாங்கும் வீதி யாருக்கும் வேண்டாம்.

மழையில் நடந்து பார்த்தது

இரண்டாம் தடவை வேலை 2024இல் நடந்தாலும் அதன் அத்திவாரம் 2023 டிசம்பரில். சனசமூக நிலையத்தின் வேண்டுகோளுக்கு இணங்கித் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அடைமழையில் வந்தார். பெண், இளம் வயது, எல்லோரும் “மிஸ்” என்றுதான் கூப்பிட்டோம். “வெயிலில் வந்து பார்த்தா எனக்குக் குழிதான் தெரியும். தண்ணி எங்கால வருது, எங்கால போகுதெண்டு மழையிலதான் தெரியும்” என்றார். குடையை ஒரு பொடியனிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் பெயின்டால் மதில்களில் நீர்மட்டத்தைக் கோடு போட்டுக்கொண்டே கீழே இறங்கினார். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் நேரம் எழுதினார். மழை விட்டபின் தண்ணீர் வடிய எத்தனை மணி நேரம் எடுக்கிறது என்பதை அயல்வீட்டுப் பிள்ளைகளே அடுத்த நாட்களில் குறித்துக் கொடுத்தார்கள்.

அந்த ஒரு நடையில் மூன்று விஷயம் வெளிப்பட்டது. மேல் வீதியின் மதகு அடைத்துப்போய், அங்கிருந்து வேறு பக்கம் போக வேண்டிய தண்ணீர் முழுவதும் எங்கள் ஒழுங்கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நடுப்பகுதியில் வடிகான் இருந்தது, ஆனால் வாகனம் உள்ளே ஏற வீட்டுக்காரர் போட்ட சீமெந்துத் தட்டுகள் அதை அங்கங்கே மூடியிருந்தன. தட்டுக்கு அடியில் மண் நிரம்பி எலி போகக்கூட இடமில்லை. கீழ்ப்பகுதியில் களப்பு நிரம்பும்போது நிலத்தடி நீர் வீதியின் அடித்தளம் வரை ஏறுகிறது. மேலிருந்து வரும் தண்ணீரைத் தடுத்தாலும் அங்கே கீழிருந்து ஊறும்.

மூன்று துண்டு, மூன்று வைத்தியம்

“எங்களுக்குக் காபட் வேணும்.” கூட்டத்தில் எழுந்த முதல் குரல் அதுதான். காபட் என்பது தாரும் கல்லும் கலந்த கலவையைத் தடிப்பாக விரித்துப் போடுவது. பக்கத்து வீதிக்குக் காபட், நமக்கு ஒட்டுப்போட்ட தாரா என்ற மனவருத்தம் நியாயமானது. மிஸ் கோபப்படாமல் கணக்குச் சொன்னார். அதை ஒரு கிலோமீற்றருக்கு மாற்றித் தருகிறேன், எந்த ஒழுங்கைக்கும் பெருக்கிப் பார்க்கலாம். மூன்று மீற்றர் அகலத்தில் ஒரு கிலோமீற்றர் என்றால் 3,000 சதுர மீற்றர். ஐந்து சென்ரிமீற்றர் காபட் போட 150 கன மீற்றர், அதாவது சுமார் 350 தொன் கலவை. அதில் ஐந்து வீதம் தார் என்று வைத்தால் 17 தொன்னுக்கு மேல். அடித்தளம் நன்றாக உள்ள வீதியில் குழிகளை ஒழுங்காக அடைத்து ஒரு பூச்சுத் தாரும் சிப்ஸும் போட மூன்றரை, நாலு தொன் தார் போதும். பதினைந்து சென்ரிமீற்றர் கொங்கிரீட் என்றால் 450 கன மீற்றர், ஏறத்தாழ 3,000 பை சீமெந்து. எல்லா இடத்துக்கும் விலை கூடியதைப் போடக் காசு எந்தச் சபையிடமும் இல்லை. விலை குறைந்ததை எல்லா இடத்துக்கும் போட்டால் கீழ்ப்பகுதி மறுபடி போகும்.

கடைசியில் மேல் பாதியில் நல்லாயிருந்த தாரைக் காப்பாற்றுவது என்று முடிவானது. இதுதான் ஆட்களுக்குப் புரியவைக்கக் கஷ்டமான விஷயம். படுமோசமான வீதிக்கே முதலிடம் என்பது மனிதாபிமானமாகத் தோன்றும். ஆனால் வீதி ஆயுளின் பெரும்பகுதியில் மெதுவாகத் தேய்ந்து, கடைசிக் கட்டத்தில் கிடுகிடுவென்று போகும். அந்தக் கட்டத்துக்கு முன் கைவைத்தால் செலவு சின்னது. பிந்தினால் அடித்தளத்தோடு கிளறிப் போட வேண்டும். இருக்கும் காசையெல்லாம் செத்த வீதிக்கே கொட்டினால், அரைகுறையாக உள்ளவை அத்தனையும் வரிசையாகச் சாகும். பல் சூத்தையாகும்போதே அடைப்பதற்கும் பிடுங்கிப் புதுப்பல் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று மிஸ் சொன்னபோது ஆச்சிமார் எல்லாரும் தலையாட்டினார்கள்.

மேல் பாதியில் குழி அடைத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்படிச் செய்து நான் முன்பு பார்த்ததில்லை. குழியின் விளிம்பை நேர்கோடாகச் சதுரமாக வெட்டினார்கள். இளகிய கல்லையெல்லாம் கிளறி எடுத்து, தும்புத்தடியால் கூட்டி, தூசியை ஊதித் தள்ளினார்கள். அடியிலும் நாலு சுவரிலும் மெல்லிய தார்ப் பூச்சு. கலவையை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு தட்டாகப் போட்டு ஒவ்வொன்றையும் இயந்திரத்தால் குத்தி இறுக்கினார்கள். மேல்மட்டம் வீதியைவிட ஒரு நூல் உயர்ந்து நிற்கும்படி விட்டார்கள், வாகனம் ஓட ஓட அது சமமாகும். வழக்கமாக நாம் காண்பது தண்ணீர் நிற்கும் குழிக்குள் மண்வெட்டியால் கலவையை அள்ளிப் போட்டு முதுகால் தட்டிவிட்டுப் போவது. அது அடுத்த ரிப்பர் வரைக்கும்தான்.

நடுப்பகுதியில் வடிகானை மூடியிருந்த வாசல் தட்டுகளை உடைத்துத் துப்புரவாக்கினார்கள். கீழ்ப்பகுதியில் எழுபது மீற்றர் வரை மட்டத்தை உயர்த்தி கொங்கிரீட் போட்டு, இருபக்கமும் வடிகான் கட்டினார்கள். போடுமுன் சபை செய்த நல்ல காரியம் ஒன்று: குழாய்நீர் இணைப்பு எடுக்க இருந்தவர்களையெல்லாம் முதலிலேயே எடுக்கச் சொன்னார்கள், எதிர்கால இணைப்புகளுக்காகக் கொங்கிரீட்டுக்கு அடியில் குறுக்காக வெற்று பிவிசி குழாய்களைப் புதைத்தார்கள். புதுவீதி போட்ட மூன்றாம் மாதம் வெட்டுவதை இந்த ஊரில் காணாதவர் யார்? வெட்டுக்குச் சேதக் கட்டணம் அறவிட்டாலும் அந்தக் காசு அதே குழிக்குத் திரும்பி வர நாட்செல்லும், மழை அதுவரை காத்திருக்காது.

காசு மூன்று வழியில் சேர்ந்தது. வடிகான் துப்புரவும் குழி அடைப்பும் சபையின் சொந்த நிதியில். கொங்கிரீட் நன்கொடையில், தொகை வரம்புக்குள் இருந்ததால் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டது. வாசல் தட்டுகளை உடைத்து, திறந்து துப்புரவாக்கக்கூடிய மூடியாக மாற்றும் செலவு வீட்டுக்காரருடையது. முடியாத இரண்டு மூன்று வீடுகளுக்கு அயலவர் சேர்ந்து போட்டார்கள். மதிப்பீடு பிப்ரவரியிலேயே தயாராக இருந்தபடியால் ஒதுக்கீடு வந்ததும் கேள்விப்பத்திர நடைமுறையில் காலம் போகவில்லை. ஜூனில் தொடங்கி ஜூலையில் முடிந்தது.

மாற்று வழி என்ற அத்தியாயம்

கொங்கிரீட் இறுகும் நாட்களில் ஒழுங்கையை மூட வேண்டியிருந்தது. கீழ் வீடுகளில் நடக்க முடியாத ஒரு பெரியவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். ஒரு காணிக்காரர் வேலியைத் திறந்து நடைபாதை தந்தார். அம்புலன்ஸ் எதுவரை வரலாம் என்று முதலே பார்த்துவைத்தோம். சின்ன வேலைக்கு இவ்வளவு யோசனை ஏன் என்று சிலர் கேட்டார்கள். நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலத்தின் கட்டுமான வேலை நடந்தபோது மக்கள் கடக்கக் கிடைத்தது ஒரு பாதைப் படகு. 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள், பிறகு எண்ணிக்கை இன்னும் கூடியது. வேலை நடக்கும் காலத்தில் மக்கள் எதில் போவார்கள் என்பது மதிப்பீட்டின் முதல் வரியாக, காசு ஒதுக்கிய வரியாக இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் பெயரால் இதை எந்த மேசையிலும் நான் சொல்லத் தயார்.

இப்போதைய நிலை

இரண்டு மாரி போய்விட்டது. கொங்கிரீட்டில் வெடிப்பில்லை. மேல் பாதியில் அடைத்த குழிகளில் ஒன்றிரண்டு ஓரம் விட்டிருக்கிறது, கழிவுநீர் பவுசர் திரும்பும் இடத்தில். அதற்கு ஓரத்தில் கிறவல் போட்டு இறுக்க வேண்டும். வடிகானைப் புரட்டாதி மாதத்திலேயே துப்புரவாக்கும் வேலையை வீடுகள் முறைபோட்டுச் செய்கின்றன; ஒரு தடவை பிந்தியபோது நடுப்பகுதியில் உடனே தண்ணீர் ஏறிக் காட்டியது.

மற்ற ஒழுங்கைகளுக்கு இதிலிருந்து எடுக்கக்கூடியது பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. டிசம்பர் மழையில் நடந்து குறிப்பு எடுங்கள். சபையின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் டிசம்பர் முடியுமுன் நிறைவேற வேண்டும், அதற்கு முன் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். போய்ப் பாருங்கள், வீதிப் பராமரிப்பு என்று தனி வரி இருக்கிறதா, வடிகானுக்கு என்ன போட்டிருக்கிறது என்று கேளுங்கள். மதிப்பீடு மார்ச்சுக்குள் தயாரா என்று விசாரியுங்கள். நவம்பரில் தார் லொறி வந்தால் அதை நிறுத்திக் கடிதம் எழுதும் துணிவும் வேண்டும். காசு திரும்பிப் போகும் என்று பயமுறுத்துவார்கள். வருட முடிவில் முடியாத வேலையை அடுத்த ஆண்டின் திட்டத்தில் தொடர்வேலையாகச் சேர்க்கும்படி கேட்கலாம். மழையில் கரைந்த காசை யாரிடமும் கேட்க முடியாது.

எங்கள் மதகு இன்னும் அப்படியே அடைத்துக் கிடக்கிறது. அது சபையுடையது அல்ல என்பதால் சபையால் கைவைக்க முடியவில்லை. மேலிருந்து வரும் தண்ணீரில் பாதியாவது இன்னும் எங்கள் புது வடிகானில்தான் இறங்குகிறது, பெருமழைக்கு அது விளிம்பு தட்டி ஓடுகிறது. மிஸ் எடுத்த நீர்மட்டக் குறிப்புகளையும் படங்களையும் இணைத்து உரிய நிறுவனத்துக்குக் கடிதம் போயிருக்கிறது, பிரதேச செயலகத்துக்கும் பிரதி கொடுத்திருக்கிறோம். அடுத்த கச்சானுக்குள் அதைத் திறப்பிக்க வேண்டும்.